சீனி, பிரஷருக்கு டிஜிட்டல் கருவி வாங்குமுன்: மலையக வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகள் தீபாவளிக்கு ஊர் வரும்போது, சீனி வருத்தம் உள்ள அம்மாவுக்கோ பிரஷர் உள்ள அப்பாவுக்கோ ஏதாவது ஒரு கருவி வாங்கி வருகிறார்கள். கைக்கடிகாரம், விரலில் குத்திப் பார்க்கும் மீற்றர், போனில் ஒரு செயலி. அடுத்த முறை வந்து பார்த்தால் பாதி அலுமாரிக்குள் கிடக்கும். கருவி மோசம் என்பது பெரும்பாலும் காரணமல்ல. அது காட்டும் எண்ணை வைத்து யார் என்ன செய்வது என்று வாங்கும்போது யோசிக்காததுதான் காரணம்.

ஆகவே கடைக்குப் போகுமுன் ஒரே ஒரு கேள்வி: இந்த எண் கூடினால் குறைந்தால் வீட்டில் எது மாறும்? குளிசை மாறுமா, சாப்பாடு மாறுமா, ஆஸ்பத்திரிக்குப் போவதா என்பது முடிவாகுமா? எதுவும் மாறாது என்றால் அந்தக் கருவி வேண்டாம்.

குளிசையை மாற்றக்கூடியவர் கிளினிக் டொக்டர். மாதத்துக்கு ஒரு தடவை, நீண்ட வரிசைக்குப் பிறகு, சில நிமிடங்கள்தான் கிடைக்கும். அந்த நேரத்தில் போனைத் திறந்து, செயலியைத் தேடி, படத்தை நீட்டினால் யாரும் பார்க்க மாட்டார்கள். கிளினிக் கொப்பியில் திகதியும் எண்ணும் வரிசையாக எழுதிய ஒரு தாளைச் செருகியிருந்தால் பார்ப்பார்கள். டொக்டர் சிங்களம் மட்டும் பேசுபவராக இருந்தாலும் எண்ணுக்கு மொழி தேவையில்லை. எந்தக் கருவியை வாங்கினாலும் அதன் எண் கடைசியில் வந்து சேர வேண்டிய இடம் கிளினிக் கொப்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதித் தெரிவுகள் தாமாகவே கழிந்துவிடும்.

வாங்குமுன் இரண்டு வாரம் வெறும் தாளில் பழகிப் பாருங்கள். குளிசை போட்டதும் ஒரு கோடு, அவ்வளவுதான். தாளில் கோடு போட முடியாத வீட்டில் செயலியும் நிற்காது. அங்கே முதலில் தேவைப்படுவது கருவியல்ல, கூட இருந்து ஞாபகப்படுத்த ஒரு ஆள்.

பிரஷர் மெஷின்

வீட்டில் ஒரே ஒரு கருவிதான் வாங்க முடியும் என்றால் பெரும்பாலும் இதுதான். மேல்கையில் பட்டி கட்டும் தானியங்கி மெஷினை வாங்குங்கள். மணிக்கட்டில் கட்டுவது மலிவு, கைக்கு அடக்கம். ஆனால் கை இதயத்தை விட 10 சென்றிமீற்றர் கீழே இருந்தாலே ஏறக்குறைய 8 புள்ளி கூடுதலாகக் காட்டும். வயதானவர்கள் ஒவ்வொரு முறையும் மணிக்கட்டை நெஞ்சு உயரத்தில் பிடிப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது.

பெட்டியின் அடியில் உள்ள முழு மொடல் இலக்கத்தை எடுத்து, 'ஸ்ட்ரைட் பிபி' இணையதளத்தின் பட்டியலில் தேடுங்கள். மனிதர்களில் முறைப்படி சோதிக்கப்பட்ட மெஷின்களின் பட்டியல் அது. கம்பனிப் பெயர் மட்டும் பொருந்தினால் போதாது, ஒரே கம்பனியில் சோதித்த மொடலும் சோதிக்காத மொடலும் இருக்கும். தேசிய மருந்துகள் ஒழுங்குமுறை அதிகார சபையில் பதிவான கருவியா என்றும் கடையில் கேளுங்கள். 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி மருத்துவக் கருவிகளும் அந்தச் சபையின் கீழ்தான் வருகின்றன.

அடுத்தது பட்டி. எல்லோரும் கோட்டை விடுவது இங்கேதான். தையல் டேப்பால் தோள் எலும்புக்கும் முழங்கைக்கும் நடுவே கையின் சுற்றளவை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். மெஷினோடு வரும் சாதாரணப் பட்டி பெரும்பாலும் 22 முதல் 32 சென்றிமீற்றர் வரைக்குமானது. கொழுந்து எடுத்து மெலிந்த பல பெண்களின் கை 22க்கும் குறைவு. அவர்களுக்கு இந்தப் பட்டி பெரிது, பிரஷரைக் குறைத்துக் காட்டும், நோய் இல்லை என்று நினைத்துவிடுவார்கள். பருத்த கைக்குச் சிறிய பட்டி கட்டினால் இதற்கு நேர்மாறு, இல்லாத பிரஷரைக் காட்டும். சிறிய பட்டி தனியாக விற்கும் மொடலா என்று முதலே கேட்டுவிடுங்கள்.

அளக்கும் முறை தவறினால் நல்ல மெஷினும் வீண். மலையிலிருந்து ஏறி வந்த உடனே அளக்கக் கூடாது. தேத்தண்ணி, புகையிலை போட்ட வெற்றிலை, சிகரெட் எதுவானாலும் அரை மணி நேரம் கழியட்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சுவரில் சாய, பாதம் தரையில் படிய 5 நிமிடம் பேசாமல் இருக்க வேண்டும். கட்டிலில் காலைத் தொங்கவிட்டோ குட்டி ஸ்டூலில் குந்தியோ அளப்பது சரிவராது. கை மேசையில் இருக்கட்டும், மேசை தாழ்வென்றால் தலையணை வையுங்கள். குளிருக்குப் போட்ட சுவெட்டரின் மேல் பட்டியைக் கட்டாதீர்கள். கையை இறுக்கிச் சுருட்டி மேலே ஏற்றுவதும் தவறு, அந்தச் சுருளே கையை நெரிக்கும். ஒரு கையைச் சுவெட்டரிலிருந்து கழற்றிவிடுவதே சுலபம்.

குளிரைப் பற்றி இன்னொன்று. குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கிப் பிரஷர் உண்மையாகவே ஏறும். அதோடு இந்த மெஷின்கள் பொதுவாக 10 முதல் 40 பாகை செல்சியஸ் வரைதான் வேலை செய்யும்படி செய்யப்பட்டவை. தை, மாசியில் நுவரெலியாப் பக்கம் பனி உறையும் விடியற்காலையில், திறந்த இஸ்தோப்பில் உட்கார்ந்து அளந்த எண்ணை நம்ப வேண்டாம். உள் காம்பராவில், உடம்பு சூடான பிறகு அளங்கள்.

தினமும் அளக்கத் தேவையில்லை. கிளினிக்குக்கு முந்திய 7 நாள், காலையில் குளிசைக்கு முன் இரண்டு தடவை, மாலையில் இரண்டு தடவை, நடுவில் ஒரு நிமிட இடைவெளி. முதல் நாள் எண்களை விட்டுவிட்டு மீதி 24 அளவின் சராசரியை எழுதிக் கொண்டு போங்கள். வீட்டு அளவில் சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் என்றால் அது கூடிய பிரஷர். ஒவ்வொருவருக்கும் இலக்கு எவ்வளவு என்பதை டொக்டரிடம் கேட்டுக் கொப்பியிலேயே எழுதி வாங்குங்கள். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அளப்பவருக்குப் பயத்திலேயே எண் ஏறும், அப்படிப்பட்டவரிடம் மெஷினைக் கொடுத்து வைக்காமல் வேறு ஒருவர் வைத்திருப்பது நல்லது.

திரையில் இதயக் குறி ஒழுங்கற்று மின்னுவது அடிக்கடி வந்தால் மெஷின் கெட்டுவிட்டது என்று தூக்கி வைக்காதீர்கள். இதயத் துடிப்பே ஒழுங்கில்லாமல் இருக்கலாம், ஒரு ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். அப்படியானவர்களுக்குத் தானியங்கி மெஷின் தரும் பிரஷர் எண்ணும் தடுமாறும்.

வாங்கியதும் ஒரு முறை கிளினிக்குக்கு எடுத்துச் சென்று அங்கே அளப்பதோடு ஒப்பிடுங்கள். திரும்பத் திரும்ப 10 புள்ளிக்கு மேல் வித்தியாசம் வந்தால் கடையில் காட்டுங்கள். ரீசார்ஜ் பற்றரி 1.2 வோல்ட்தான் என்பதால் சில மெஷின்கள் அதை 'பற்றரி குறைவு' என்று எடுத்துக்கொள்ளும். அல்கலைன் பற்றரியே போடுங்கள், மாதக் கணக்கில் பாவிக்காவிட்டால் கழற்றி வையுங்கள்.

சீனி மீற்றர்

மீற்றரின் விலையைப் பார்த்து வாங்காதீர்கள், ஸ்ட்ரிப்பின் (இரத்தத் துளி வைக்கும் சோதனைத் துண்டின்) விலையைப் பாருங்கள். மீற்றர் ஒரு தடவைச் செலவு. ஸ்ட்ரிப் மாதாமாதம். இலவசமாக மீற்றர் தருகிறோம் என்பவர்கள் இதை நன்றாக அறிந்தவர்கள். ஹட்டனிலோ பதுளையிலோ பண்டாரவளையிலோ, நீங்கள் வழமையாகப் போகும் டவுணில் குறைந்தது இரண்டு பாமசியில் அந்த ஸ்ட்ரிப் கிடைக்கிறதா என்று கேட்டுவிட்டு மீற்றரை எடுங்கள். வெளிநாட்டிலிருந்து அனுப்பிய மீற்றருக்கு இங்கே ஸ்ட்ரிப் கிடைக்காமல் போவது சகஜம். அதில் அலகும் வேறாக இருக்கலாம். நம் கிளினிக்கில் எழுதுவது மில்லிகிராம்/டெசிலீற்றர், சில வெளிநாட்டு மீற்றர்கள் மில்லிமோல் கணக்கில் காட்டும். அதை 18ஆல் பெருக்க வேண்டும்: 7 என்றால் 126.

எல்லோருக்கும் மீற்றர் தேவையா? இல்லை. மெட்ஃபோர்மின் மட்டும் எடுப்பவருக்குச் சீனி ஆபத்தாக இறங்குவது அரிது. அவர் தினமும் விரலைக் குத்துவதால் எதுவும் மாறாது, ஸ்ட்ரிப் காசைச் சேர்த்து, டொக்டர் சொல்லும் இடைவெளியில் எச்.பி.ஏ.1சி. (கடந்த இரண்டு மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டும் இரத்தச்) சோதனை செய்யலாம். இன்சுலின் போடுபவருக்கும், கிளிக்லசைட், கிளிபென்கிளமைட், டொல்பியூட்டமைட் போன்ற குளிசை எடுப்பவருக்கும் மீற்றர் கட்டாயம் வேண்டும். அவர்களுக்குத்தான் சாப்பிடாமல் மலையேறினால் சீனி இறங்கி மயக்கம் வரும்.

50 ஸ்ட்ரிப் பெட்டியை ஒரு நாளைக்கு இரண்டு என்று குத்தினால் 25 நாளில் முடியும். பதிலாக வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு ஒரு வேளை, முன்னும் பின்னும் பாருங்கள்: திங்கள் காலைச் சாப்பாட்டுக்கு முன், பிறகு இரண்டு மணி நேரத்தில், புதன் மத்தியானம், வெள்ளி இரவு. வாரத்துக்கு ஆறு ஸ்ட்ரிப், பெட்டி எட்டு வாரம் வரும். எந்தச் சாப்பாடு சீனியை ஏற்றுகிறது என்பதும் இதில்தான் தெரியும். காலை ரொட்டியை இரண்டிலிருந்து ஒன்றாக்கினால் எண் எவ்வளவு இறங்குகிறது என்று கண்ணால் காணலாம். இன்சுலின் போடுபவர்களுக்கு இந்த அட்டவணை போதாது, டொக்டர் சொல்லும்படிதான்.

மீற்றர் தெரிவில் மலையகப் பெண்களுக்கு ஒரு தனிக் கவனம் தேவை. இரத்தச்சோகை இருந்தால் பல மீற்றர்கள் சீனியைக் கூட்டிக் காட்டும். ஸ்ட்ரிப்போடு வரும் துண்டில் 'ஹெமட்டோக்ரிட்' (இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) எல்லை போட்டிருக்கும்: 30–55 வீதம் என்றிருப்பதை விட 20–60 என்று அகலமாக இருப்பதை எடுங்கள். இரும்புச்சத்துக் குறைவால் வரும் சோகையில் எச்.பி.ஏ.1சி. எண்ணும் உண்மையை விடக் கூடி வரலாம். மீற்றரும் எச்.பி.ஏ.1சி.யும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாவிட்டால் ஹீமோகுளோபின் பார்த்தீர்களா என்று கிளினிக்கில் கேளுங்கள்.

ஸ்ட்ரிப்பைக் கெடுப்பது ஈரம். மூடுபனி நாளில் குப்பியைத் திறந்து வைத்துவிட்டு விரலைக் கழுவப் போகாதீர்கள். ஒன்றை எடுத்து உடனே மூடுங்கள், வேறு டப்பாவுக்கு மாற்றாதீர்கள். திறந்த திகதியைக் குப்பியில் எழுதுங்கள், திறந்த பின் 3 மாதமா 6 மாதமா என்பது லேபலில் இருக்கும். குளிரில் மீற்றர் வெப்பநிலைப் பிழை காட்டினால் சட்டைப் பைக்குள் இருபது நிமிடம் வைத்திருங்கள். அடுப்பு மேல் வைத்துச் சூடாக்க வேண்டாம். இன்சுலினையும் விறகடுப்புக்கு மேலுள்ள தட்டில் வைக்கக் கூடாது, ஃபிரிட்ஜின் உறையும் தட்டிலும் கூடாது.

கொழுந்துக் கையில் தோல் தடித்திருக்கும். விரல் நுனியின் நடுவில் குத்தினால் வலிதான் மிச்சம். மோதிர விரல் அல்லது சுண்டு விரலின் பக்கவாட்டில், ஊசி ஆழத்தை ஒரு படி கூட்டிக் குத்துங்கள். இளஞ்சூட்டு நீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்துவிட்டு, கையைக் கீழே தொங்கவிட்டால் இரத்தம் தானாக வரும். பிழிந்து எடுத்தால் எண் பிழைக்கும். பழமோ கருப்பட்டியோ தொட்ட கையைக் கழுவாமல் குத்தினால் இல்லாத சீனி ஏறும். ஊசி ஒருவருக்கு ஒன்று. லயத்தில் நாலு வீட்டுக்கு ஒரு குத்தும் பேனா என்று சுற்றவிட்டால் ஹெபடைட்டிஸ் பி பரவும். பாவித்த ஊசியைக் கெட்டியான பிளாஸ்டிக் போத்தலில் போட்டு மூடி வையுங்கள்.

போனும் செயலியும்

பட்டன் போனில் இருக்கும் அலாரம்தான் மிகச் சிறந்த டிஜிட்டல் கருவி என்று சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அது கேட்கும், டேட்டா தேவையில்லை, பற்றரி நாள்கணக்கில் நிற்கும். நேரம் வைப்பதில்தான் சூட்சுமம். காலை அலாரத்தைப் பிரட்டுக்கு (காலையில் வேலைக்கு ஆள் கூடும் இடத்துக்கு) கிளம்பும் அவசர நேரத்தில் வைத்தால், வெறும் தேத்தண்ணியோடு கிளிக்லசைட்டை விழுங்கிவிட்டு மலைக்குப் போய்விடுவார்கள். அலாரம் சாப்பிடும் நேரத்துக்கு அடிக்கட்டும்: சாப்பாடு முன்னால் இருந்தால் குளிசை, சாப்பாடு இல்லையென்றால் அந்தக் குளிசையும் இல்லை. இதையும் டொக்டரிடம் ஒரு முறை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். வேலைக்குப் போகிறவரின் மடியில் நாலு தேக்கரண்டி சீனி பொட்டலமாக இருக்க வேண்டும். இரத்தத்தில் சீனி 70க்குக் கீழே இறங்கினால் அந்தப் பொட்டலத்தைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்ப்பது.

அலாரம் தீர்க்காத பிரச்சினையும் உண்டு. பிரஷருக்குத் தரும் 'தண்ணிக் குளிசை'யைப் பல பெண்கள் வேண்டுமென்றே விடுகிறார்கள், ஏனென்றால் மலையில் மலசலகூடம் இல்லை. எத்தனை அலாரம் அடித்தாலும் போட மாட்டார்கள். வேலை முடிந்து வந்து பின்னேரம் போடலாமா, வேறு குளிசை உண்டா என்று கிளினிக்கில் கேட்பதுதான் வழி.

ஸ்மார்ட்போன் செயலி வேண்டுமென்றால், நிறுவியவுடன் இப்படிச் சோதியுங்கள். ஃபிளைட் மோடில் போட்டு ஓர் அளவைப் பதிந்து, செயலியை மூடித் திறங்கள். பதிவு இல்லையென்றால் பள்ளத்தாக்கில் சிக்னல் இல்லாத லயத்தில் அது உதவாது. போனின் திரையை அணைத்துப் போட்டபின் அலாரம் அடிக்கிறதா பாருங்கள். மலிவான அண்ட்ராய்ட் போன்கள் பற்றரியை மிச்சப்படுத்தச் செயலியைத் தூங்க வைத்துவிடும், செட்டிங்கில் அந்தச் செயலிக்குப் பற்றரிக் கட்டுப்பாட்டை நீக்க வேண்டும். ஒரு மாத எண்களைப் பி.டி.எஃப். ஆக எடுக்க முடியுமா? முடியாத செயலியை விட்டுவிடுங்கள். தமிழ் இருக்கிறது என்று போட்டிருந்தால் குளிசை நேரம் காட்டும் பக்கத்தைத் திறந்து வாசியுங்கள். 'சாப்பாட்டுக்கு முன்' என்பதும் 'பின்' என்பதும் குழம்பினால் ஆங்கிலச் செயலியே மேல்.

தொடர்பு இலக்கங்கள், இடம், மைக் எல்லாம் கேட்கும் செயலிக்கு ஏன் என்று கேளுங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் சுகாதாரத் தகவல் விசேட பாதுகாப்புக்குரிய வகையாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆனால் ஒரே போனை வீடு முழுவதும் பாவிக்கும்போது சட்டத்தை விடச் செயலிக்குப் போடும் இரகசிய இலக்கம்தான் உதவும். தோட்ட வட்ஸ்அப் குழுவில் ஒருவரின் சீனி அளவைப் போடவே கூடாது.

சாப்பாட்டுக் கணக்குச் செயலிகள் பெரும்பாலும் நமக்குப் பொருந்தாது. ரொட்டியைத் தேடினால் வட இந்தியச் சப்பாத்தியின் கணக்கைத் தரும். 100 கிராம் கோதுமை மாவில் ஏறக்குறைய 75 கிராம் மாச்சத்து. தட்டும் மாவை ஒரு நாள் தராசில் நிறுத்துப் பார்த்தால் போதும், செயலியே தேவைப்படாது. ஒரு நாளைக்குப் பத்தாயிரம் அடி நட என்று சரிவில் கொழுந்து எடுப்பவரிடம் கடிகாரம் சொல்வதைப் பற்றி என்ன சொல்ல.

வாங்கக் கூடாதவை

குத்தாமல் சீனி பார்க்கும் கடிகாரம், மோதிரம் எதையும் வாங்க வேண்டாம். அப்படித் தானாக அளக்கும் எந்தக் கடிகாரத்துக்கும் தான் அனுமதி கொடுக்கவில்லை என்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. 2024 பெப்ரவரியில் எச்சரித்தது. தோலில் ஒட்டி ஏறக்குறைய இரண்டு வாரம் இருக்கும் சென்சர் வேறு விடயம், அதில் தோலுக்குள் போகும் மெல்லிய இழை உண்டு. இன்சுலின் போடும் பிள்ளைகளுக்கு அது பெரிய உதவி, செலவும் பெரிது.

போன் கமராவில் விரலை வைத்தால் பிரஷர் சொல்லும் செயலிகளும் அப்படித்தான். மிகப் பிரபலமாக விற்ற அத்தகைய ஒரு செயலியை 2016இல் அமெரிக்காவில் சோதித்தபோது, பிரஷர் கூடியிருந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் நால்வருக்கு அது இயல்பு என்று காட்டியது.

விரலில் மாட்டும் ஒட்சிசன் மீற்றர் நெஞ்சு வருத்தக்காரருக்கு உதவும். ஆனால் கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேலுள்ள நுவரெலியாவில், கொழும்பை விட இரண்டு மூன்று புள்ளி குறைவாகக் காட்டுவது இயல்பு. நலமாக இருக்கும் நாளில் அளந்த எண்ணை எழுதி வைத்து அதோடு ஒப்பிடுங்கள். குளிர்ந்த விரலை முதலில் சூடாக்குங்கள், மருதாணி போட்ட விரலைத் தவிருங்கள்.

தூரத்து டொக்டரும் அவசரமும்

ஓடொக், டொக்990 போன்ற செயலிகளில் வீடியோவில் டொக்டரைப் பார்க்கலாம். றிப்போட்டை விளங்கிக்கொள்ள, பக்க விளைவு பற்றிக் கேட்க நல்லது. அழைக்குமுன் கிளினிக் கொப்பியின் கடைசி இரண்டு பக்கத்தையும் குளிசை உறைகளையும் படம் எடுத்து வையுங்கள். அவர் குளிசையை மாற்றினால் அதைக் கொப்பியில் எழுதுங்கள், இல்லாவிட்டால் இரண்டு இடத்திலிருந்தும் ஒரே மருந்து இரட்டிப்பாகச் சேரும்.

சுவரில் ஒட்ட வேண்டியவை: பிரஷர் 180/120க்கு மேல் இருந்து நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், ஒரு பக்கம் இழுத்தல், பேச்சுக் குளறல் எதுவாவது இருந்தால் உடனே 1990 அம்பியூலன்ஸ். இந்த அறிகுறிகள் தனியாக வந்தாலும் மெஷினைத் தேடி நேரம் கழிக்காதீர்கள். அறிகுறி இல்லாமல் எண் மட்டும் அப்படி என்றால் ஐந்து நிமிடம் இருந்து மறுபடி அளந்து, அப்படியே நின்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. சீனி 300க்கு மேல், கூடவே வாந்தி என்றாலும் காத்திருக்க வேண்டாம். மயங்கிக் கிடப்பவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

1990 சுவசெரிய இலவசம், ஆனால் வண்டி உங்களைக் கண்டுபிடிக்க வேண்டும். தோட்டத்துக்கு நாம் வழங்கும் தமிழ்ப் பெயர் வரைபடத்தில் இருக்காது. தோட்டத்தின் ஆங்கிலப் பெயர், டிவிஷன், பிரதான வீதியில் திரும்பும் சந்தி, வாகனம் எதுவரை வரும், அதற்குமேல் ஆளைத் தூக்கி வரும் பாதை எது என்பதை அதே தாளின் கீழே எழுதி, ஒரு பிள்ளையிடம் போனில் சொல்வதுபோல வாசிக்கச் சொல்லிப் பாருங்கள்.